வசனம் முணுமுணுப்பு, சண்டை இடிமுழக்கம்: டிவியில் பேச்சைத் தெளிவாகக் கேட்பது எப்படி?

இரவு பத்து மணிக்குப் படம் ஓடுகிறது. நாயகி ஏதோ முணுமுணுக்கிறாள், சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த காட்சியில் கார் வெடிக்கிறது, தூங்கிய குழந்தை எழுந்து அழுகிறது. இந்தக் கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. காதில் கோளாறோ என்று பயப்படும் முன் டிவியைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள்.

பெரும்பாலும் சிக்கல் இதுதான். 5.1 ஒலியில் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, அப்புறம் அதிரும் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். வசனத்தில் பெரும்பகுதி முன்வரிசையின் நடு ஸ்பீக்கரில்தான் வரும். சாதாரண டிவியில் அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது. எல்லாவற்றையும் இடம், வலம் என இரண்டுக்குள் திணிக்கும்போது, தனி இடத்தில் இருந்த பேச்சு இசையோடும் வெடிச்சத்தத்தோடும் முட்டி மோதுகிறது.

படி 1: படம் ஓடும்போதே ஓடிடி செயலியின் ஆடியோ பட்டியலைத் திறங்கள். ஒரே மொழி '5.1' என்றும் வெறுமனேயும் இரண்டு முறை இருந்தால், 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. அமேசான் பிரைம் வீடியோவில் 2023இல் 'டயலாக் பூஸ்ட்' என்ற வசதி வந்தது. எல்லாப் படத்துக்கும் இருக்காது, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

படி 2: டிவியின் சவுண்ட் செட்டிங்ஸ். 'மூவி', 'சினிமா' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்', 'நியூஸ்' போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். 'சரவுண்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பேஸை (அடித்தொண்டைச் சத்தம்) குறைத்து ட்ரெபிளை (கூர்மையான சத்தம்) கொஞ்சம் ஏற்றுங்கள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகள் தெளிந்தால்தான் சொல் பிடிபடும்.

படி 3: 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்' இருந்தால் போடுங்கள். பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்குவதுதான் அதன் வேலை. வெடிகுண்டின் கம்பீரம் போய்விடும்தான். பரவாயில்லை, குழந்தை தூங்கட்டும்.

படி 4: கணினியில் விஎல்சி பிளேயரில் பார்ப்பவர்கள் 'டூல்ஸ்', 'எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்' வழியாகப் போய் 'கம்ப்ரஸர்' பக்கத்தைத் திறந்து அதை இயக்குங்கள். நைட் மோட் செய்யும் அதே வேலைதான் இதற்கும். எந்த அளவுக்கு மேல் சத்தத்தை அடக்குவது என்று சொல்லும் 'த்ரெஷோல்ட்' பட்டையை -20 டெசிபல் பக்கம் இறக்கி, அடக்கிய பின் மொத்தச் சத்தத்தையும் தூக்கும் 'மேக்கப் கெயின்' பட்டையை 10 டெசிபல் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் காதுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளலாம்.

படி 5: அறையைப் பாருங்கள். தட்டையான டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். அலமாரிக் குழிக்குள் தள்ளி வைத்தால் பேச்சு அங்கேயே புழுங்கும், விளிம்புக்கு இழுத்து வையுங்கள். தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் சுற்றுகிறதா? எங்கள் வீட்டில் பாதிக் குற்றவாளி அதுதான்.

சவுண்ட்பார் வாங்கும் எண்ணம் இருந்தால் 3.1 அல்லது அதற்கு மேல் பாருங்கள். 2.1இல் அதே நடு ஸ்பீக்கர்தான் இல்லை.

நேரில் பேசும்போதும் "என்ன சொன்னீங்க?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள் என்றால் மட்டும் காது மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, நடிகரே வாய்க்குள் பேசியிருந்தால் எந்தச் செட்டிங்கும் உதவாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.