நோய்ப்பரவியலில் பிஎச்.டி: சேரும் முன்பே பார்க்க வேண்டியவை

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி, முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பாடநெறிக்கு 12 கிரெடிட்டாவது முடிக்க வேண்டும்.

கல்லூரியின் பெயரைவிட வழிகாட்டியின் கைவசம் உள்ள தரவு முக்கியம். புதிதாகக் களத்தில் இறங்கித் தரவு திரட்டுவதானால் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஓடிவிடும். நெறிமுறைக் குழு ஒப்புதல் வரும் முன் ஒரு தரவுப் படிவத்தைக்கூட நிரப்பாதீர்கள். பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க வழியில்லை. மருந்துச் சோதனை என்றால் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு கட்டாயம்.

பலர் சறுக்குவது மாதிரி அளவில்தான், அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதில். நோய் விகிதம் 50%, பிழை வரம்பு 5%, நம்பிக்கை 95% என்றால் 385 பேர் தேவை. தனி ஆட்களுக்குப் பதில் ஊர்களைத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதை ஈடுகட்ட மாதிரி அளவைப் பெருக்கும் எண்ணான வடிவமைப்பு விளைவை 2 என்று வைத்தால் 770. பத்து சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றால் 770ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 856. 1.1ஆல் பெருக்கி 847 என்று எழுதுவது வழக்கமான தவறு; அதில் பத்து சதவீதம் கழிந்தால் மிஞ்சுவது 762தான். பகுப்பாய்விலும் தொகுதிகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) பொய்யாகக் குறுகிவிடும்.

மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டாம், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். பகுப்பாய்வுத் திட்டத்தை மட்டும் தரவைத் திறக்கும் முன்பே எழுதித் தேதியிட்டு வையுங்கள்.