பழைய பாய்மரப் படகில் ஜன்னல் ஒழுகுகிறதா? சரிசெய்யும் முறை

மழை பெய்த மறுநாள் கேபினுக்குள் மெத்தை ஓரம் நனைந்திருந்தால், பலரும் முதலில் தேடுவது சிலிக்கான் டியூபைத்தான். ஃபிரேமைச் சுற்றி வெளியே ஒரு கோடு இழுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி ஒழுகும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

திறந்து மூடும் ஜன்னலில் தண்ணீர் நுழைய மூன்று வழிகள் உண்டு. கதவு வந்து அழுந்தும் ரப்பர் கேஸ்கெட் ஒன்று. ஃபிரேம் கேபின் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டாவது. கதவுச் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் விளிம்பு மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

படி 1: ஒழுகும் இடத்தைப் பிடியுங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு, இன்னொருவர் உள்ளே டிஷ்யூ பேப்பரோடு. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக வழிய விடுங்கள். ஜன்னலின் கீழ் விளிம்பில் ஆரம்பித்து, சில நிமிடம் பொறுத்து, பக்கவாட்டுக்கும் பிறகு மேல் விளிம்புக்கும் போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எதுவும் புரியாது. ஜன்னல் முழுக்க நனைந்தும் உள்ளே சொட்டு வரவில்லை என்றால், மேல்தளத்தில் இருக்கும் கம்பித் தூண்களின் அடிப்பகுதியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அங்கே இறங்கும் தண்ணீர் உட்கூரைக்கு மேலேயே ஓடிவந்து ஜன்னல் ஓரத்தில் சொட்டும். பாவம், ஜன்னல் மேல் பழி.

அடுத்து சாக்பீஸ் சோதனை. ஃபிரேமில் கேஸ்கெட் வந்து தொடும் விளிம்பு முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, ஜன்னலை மூடி, கதவை அழுத்திப் பிடிக்கும் கைத்திருகுகளை வழக்கம்போல் இறுக்கித் திறந்து பாருங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் சுற்றி வந்திருக்க வேண்டும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் சப்பிப் போயிருக்கிறது.

சில ஜன்னல்களில் கீழ் விளிம்பில் சின்ன வடிகால் துளை இருக்கும். அழுக்கோ பழைய பெயின்ட்டோ அதை அடைத்திருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி, திறந்தவுடன் உள்ளே கொட்டும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் போதும்.

படி 2: கேஸ்கெட் மாற்றுதல்

பழைய ரப்பரில் ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளவெடுங்கள். தயாரித்தவர்களின் அசல் கேஸ்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் தண்ணீரை உறிஞ்சாத நியோப்ரீன் அல்லது ஈபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். கூடுதல் தடிமன் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்: கதவு கீல் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், திருகை பலவந்தமாக இறுக்கினால் உடையும்.

பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பசையை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டுங்கள். கண்ணாடி அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோன், தின்னர் பக்கமே போகக்கூடாது. மெல்லிய வெடிப்புகள் விழுந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

புது ரப்பரைப் பள்ளத்தைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக, முனை நேராக வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் மேல் விளிம்பின் நடுவில் சேர்த்து, மீதியைச் சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வாருங்கள். இழுத்துப் பொருத்தவே கூடாது. இழுத்த ரப்பர் சில நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இணைப்பு வாய் பிளக்கும். முனைகளை ஒட்ட ஒரு சொட்டு சூப்பர் குளூ. கடைசியாக சிலிக்கான் கிரீஸை லேசாகத் தடவுங்கள். வாஸ்லைன் வேண்டாம், ஈபிடிஎம் ரப்பரை அது உப்பவைக்கும்.

படி 3: ஃபிரேமைக் கழற்றி மறுபடி பொருத்துதல்

மூன்றில் பெரிய வேலை இதுதான். அலுமினியம் ஃபிரேமில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ இருந்தால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்து ஸ்க்ரூ இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்ததும் மெல்லிய பட்டிக் கத்தியால் பழைய சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசையை) சுற்றிலும் அறுத்துக்கொண்டே வாருங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் ஃபிரேம் விரிசல் விடும்.

ஃபிரேம் வெளியே வந்ததும் சுவரின் வெட்டு முகத்தைப் பாருங்கள். பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கறுத்து, கூழாகப் பிதுங்கினால் நல்ல கட்டை தெரியும்வரை தோண்டி, நன்றாகக் காயவிட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். காய்ந்த கட்டையாக இருந்தாலும் வெட்டு முகத்தில் எபாக்ஸி பூசிவிடுவது நல்லது. இதைச் செய்யாமல் ஃபிரேமை மாட்டினால் உள்ளே அழுகல் தொடரும்.

சீலன்ட் விஷயத்தில் என் தேர்வு பியூட்டைல் டேப், அதாவது ஒட்டும் மென்ரப்பர் பட்டை. நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஃபைபரின் மேல்பூச்சும் சேர்ந்து உரியும். பாலிசல்ஃபைடு சீலன்ட், அக்ரிலிக், பாலிகார்பனேட் என்ற இரண்டு பிளாஸ்டிக் கண்ணாடிகளையும் கெடுக்கும். சிலிக்கான் விட்டுப்போகும் வழவழப்பின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பழைய சிலிக்கான் இருந்தால் துளி விடாமல் எடுத்தாக வேண்டும்.

டேப் களிமண் பதத்தில் இருக்கும். ஃபிரேம் விளிம்பின் உட்பக்கம் முழுவதும் ஒட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூ துளையைச் சுற்றியும் கொஞ்சம் உருட்டி வையுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கி, பிதுங்குவது நின்றதும் நிறுத்தலாம். வெளியே வந்ததைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுங்கள்.

மூன்றாவது வழி, அதாவது கண்ணாடி விளிம்பில் ஒழுகினால், வெடிப்பு விழுந்த கண்ணாடியை ஒட்டப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். புதிதை ஒட்ட, அந்த வகைக் கண்ணாடிக்கு ஏற்றது என்று டியூபிலேயே போட்டிருக்கும் சீலன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

முடிந்ததும் அதே வரிசையில் மறுபடி ஹோஸ் சோதனை. கதவின் கைத்திருகுகளை விரல் பலத்துக்கு மேல் இறுக்காதீர்கள். படகு கொட்டகைக்குள் நிற்கும் மாதங்களில் அவற்றைத் தளர்த்தியே வையுங்கள். ரப்பர் சீக்கிரம் சப்பிப் போகாது.