மாவு வண்டுக் கூட்டத்தில் கேயாஸ்: ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்ப்பது எப்படி

காட்பாடி வெயிலுக்குக் கோதுமை மாவில் வண்டு வர அதிக நாள் ஆகாது. அந்தக் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி ஏறி இறங்கும் என்று பார்க்க, சூழலியல் அறிஞர் ராபர்ட் மே 1976இல் நேச்சர் அறிவியல் இதழில் விளக்கிய எளிய சமன்பாடு போதும். பைதான் மாதிரி நிரல்மொழி எல்லாம் அப்புறம். நான் லிப்ரேஆபீஸ் கால்க் என்ற இலவச ஸ்ப்ரெட்ஷீட்டைத்தான் சொல்வேன். போனில் செய்யாதீர்கள், ஃபார்முலாவை இழுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

டி1 கட்டத்தில் பெருக்க விகிதம், 2.8. பி1இல் தொடக்கக் கூட்டம், 0.2 (இடம் கொள்ளும் உச்ச அளவை 1 என்று வைத்தால்). பி2இல்:

=$டி$1*பி1*(1-பி1)

(கட்டப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: டி என்றால் D, பி என்றால் B, சி என்றால் C.) இதை 200ஆம் வரி வரை இழுங்கள்.

பலரும் சிக்குவது அந்த டாலர் குறியில்தான். அது இல்லையென்றால் பி3 போய் டி2வைத் தேடும். அங்கே ஒன்றுமில்லை, அதாவது பூஜ்யம். பி2 மட்டும் சரியாக 0.448 காட்டும், மூன்றாம் வரியிலிருந்து வண்டுகள் கூண்டோடு காலி. சமன்பாட்டைச் சந்தேகிக்க வேண்டாம், டாலரைப் பாருங்கள்.

சரி, இனி டி1ஐ மட்டும் மாற்றுங்கள். 2.8இல் கூட்டம் 0.643இல் நிலைத்துவிடும். 3.2இல் 0.513, 0.799 என்று மாறி மாறி வரும். 3.5இல் நான்கு மதிப்புகள். 3.57ஐத் தாண்டினால் பெரும்பாலும் கேயாஸ், அதாவது ஒரே விதிதான், ஆனாலும் மதிப்புகள் ஒழுங்காகத் திரும்பாமல் அலையும்; நடுவில் 3.83இல் திடீரென மூன்று மதிப்புகள் மட்டும் சுற்றிவரும், தவறவிடாதீர்கள்.

இப்போது டி1இல் 3.9. சி பத்தியிலும் அதே ஃபார்முலாவைப் போட்டு (பி1 வரும் இடத்தில் சி1), தொடக்கத்தை மட்டும் 0.2001 ஆக்குங்கள். இரண்டுக்கும் கோட்டு வரைபடம் போட்டால் முதல் பத்து வரி ஒட்டியே போகும். இருபதை நெருங்கும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

நிஜ வண்டு இப்படி நடக்குமா? 1997இல் சயன்ஸ் இதழில் வந்த சோதனை மாவு வண்டுகளை வைத்துத்தான். கூட்டுப்புழு வண்டாகும் அளவை ஆய்வாளர்களே கூட்டிக் குறைத்து, கேயாஸ் வரை கொண்டுபோனார்கள். முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்னும் இனம் என்பதால் அவர்களுடைய சமன்பாடு இதைவிடச் சிக்கலானது.

பின்சேர்க்கை: குடியாத்தம் வாசகி ஒருவர் 4.2 போட்டு, மைனஸில் வண்டு வருகிறது என்று கேட்டிருந்தார். 4ஐத் தாண்டினால் கூட்டம் 1ஐ மீறும், அடுத்த தலைமுறை மைனஸாகும். 4க்குள் நிறுத்துங்கள்.

இன்னொருவர், “இது சும்மா தாறுமாறான எண்தானே?” என்றார். 3.9இல் பி1–பி199ஐக் கிடையச்சிலும் பி2–பி200ஐச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளி வரைபடம் போடுங்கள். கவிழ்ந்த பரவளையம் வரும். தாறுமாறான எண்ணுக்கு அது வராது.