நேர்கூற்றிலும் அயற்கூற்றிலும் வினாக்குறி இடும் முறை

எழுதப் பழகுவோர் பலர், தொடரில் 'ஏன்', 'எங்கே', 'யார்' போன்ற வினாச்சொல் ஒன்று வந்துவிட்டாலே இறுதியில் வினாக்குறி இட்டுவிடுகின்றனர். "அவன் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை?" என்பது அத்தகைய பிழைத்தொடர். தமிழில் ஆ, எ, ஏ, ஓ, யா ஆகிய வினா எழுத்துகளே வினாப்பொருளைத் தந்துவிடுகின்றன; ஓலைச்சுவடிக் காலத்தில் வினாக்குறி இல்லாமலே வினாக்கள் புரிந்தன. அச்சுக் காலத்தில் பரவிய இக்குறியின் வேலை, முழுத் தொடரும் வினாவாக முடிகிறதா என்பதைக் காட்டுவதே ஆகும்.

ஆகவே முதற்படியாக, தொடரை முடிக்கும் பயனிலையைப் பாருங்கள். மேற்கண்ட தொடர் 'தெரியவில்லை' என்று முடிகிறது. அது செய்தியே அன்றி வினா அன்று. எனவே முற்றுப்புள்ளி போதும். "அவன் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியுமா?" என்று மாற்றினால், 'தெரியுமா' என்பதே வினவுவதால் வினாக்குறி கட்டாயம். இரண்டு தொடர்களிலும் 'ஏன்' இருக்கிறது, முடிவுதான் வேறு.

இரண்டாம் படி நேர்கூற்று. பேசியவரின் சொற்களை அப்படியே தருவதால் அவற்றை மேற்கோள் குறிக்குள் இட்டு, வினாக்குறியையும் அதற்குள்ளேயே இட வேண்டும்: ஆசிரியர் மாணவனிடம், "நீ நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்டார். முழுத் தொடர் செய்தியாக முடிவதால் இறுதியில் முற்றுப்புள்ளி வருகிறது. மேற்கோளுக்குள் இருப்பது செய்தியாகவும் முழுத் தொடர் வினாவாகவும் இருந்தால் குறி வெளியே வரும்: "நான் வரமாட்டேன்" என்றா அவர் சொன்னார்?

மூன்றாம் படியில் ஆசிரியரின் அந்த வினாவை அயற்கூற்றாக்குங்கள்; அதாவது, அவர் கேட்டதை உங்கள் கூற்றாக மாற்றிச் சொல்லுங்கள். மேற்கோள் குறியும் வினாக்குறியும் நீங்கும். 'நீ' என்பது 'அவன்' என்றும், 'நேற்று' என்பது 'முன்னாள்' (முந்தைய நாள்) என்றும் மாறும்; தேவையான இடங்களில் வினைமுற்றும் அதற்கேற்ப மாறும்: அவன் முன்னாள் ஏன் வரவில்லை என்று ஆசிரியர் மாணவனிடம் கேட்டார்.

இங்கே சற்று நிதானம் தேவை. 'என்று' என்னும் சொல் இருவகைக் கூற்றுக்கும் பொதுவாக வருவதால், குறிகளை விட்டுவிட்டால் பொருளே புரண்டுவிடும். அம்மா, "நான் எப்போது வருவேன்?" என்று கேட்டார் என எழுதினால், அம்மா தம் வருகையைப் பற்றிக் கேட்கிறார். நான் எப்போது வருவேன் என்று அம்மா கேட்டார் எனக் குறியின்றி எழுதினால், எழுதுபவரின் வருகையைப் பற்றிக் கேட்டதாகப் பொருள்படும். இவ்விடத்தில் மேற்கோள் குறியும் வினாக்குறியும் அலங்காரம் அல்ல. யாருடைய பயணம் என்பதையே அவைதாம் முடிவு செய்கின்றன.

'யார் வந்தாலும்', 'எங்கேயோ', 'எப்படியாவது' போன்றவை வினாவே அல்ல என்பதால் அவற்றுக்குக் குறி வேண்டா. 'எவ்வளவு அழகு!' என்பது வியப்பு. பதிலை எதிர்பாராத 'இது நியாயமா?' என்பதற்கோ வினாக்குறி உண்டு. வடிவம் வினாவாகவே இருக்கிறது.

விண்ணப்பங்களிலும் மின்னஞ்சல்களிலும் மிகுதியாகத் தவறுவது கட்டளைத் தொடரில்தான். 'பணம் எப்போது கிடைக்கும் என்று தெரிவிக்கவும்' என்பது வேண்டுகோள். அதற்கு முற்றுப்புள்ளியே இடுக. உண்மையிலேயே வினவ விரும்பினால், 'பணம் எப்போது கிடைக்கும்?' என்று நேராகவே எழுதலாம்.