செகண்ட் லைஃபில் ஒரு மயிலாப்பூர்த் திண்ணை கட்டுவது எப்படி?

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் ஒன்றைக் கட்டி வைத்தேன். நீங்களும் கட்டலாம், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு தூணும் ஒரு கூரையும் செய்யத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, உங்களிடம் இருக்கும் பிளெண்டர் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மெஷ் (நீங்கள் செய்த முப்பரிமாண வடிவம்) ஏற்றுவதற்கு இந்த உலகத்தில் காலங்காலமாகப் பழகிய கோப்பு வகை கொலாடா, ஆனால் பிளெண்டர் 5.0-இல் கொலாடாவை எடுத்துவிட்டார்கள். 4.5 பதிப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். அப்புறம், மெஷ் ஏற்ற வேண்டுமென்றால் கணக்கில் பணம் செலுத்தும் விவரம் பதிவாகியிருக்க வேண்டும், பதிப்புரிமை பற்றிய சின்னத் தேர்வு ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். இதை முன்னாடியே முடித்துவிடுங்கள்.

வடிவத்தின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சருக்கு உங்கள் கைப்பேசி போதும். வெயில் ஏறுவதற்குள் காலையில் போய், நிழல் விழாத நேரத்தில் திண்ணையின் சிவப்பு சிமெண்டையும் தூணின் மரத்தையும் நேர் எதிரே நின்று எடுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், பாதிப் பேர் உள்ளே கூப்பிட்டு முற்றத்தையும் காட்டுவார்கள். ஓடுகளை ஒவ்வொன்றாக மாடல் செய்யாதீர்கள். கூரை ஒரு சாய்வான பலகைதான், ஓட்டின் மேடுபள்ளத்தை நார்மல் மேப் என்ற படம் பார்த்துக்கொள்ளும். ஒரு மெஷ்ஷுக்கு எட்டு மெட்டீரியல்தான், அதாவது தனித்தனிப் பூச்சுதான், கிடைக்கும், திண்ணைக்கு நான்கே தாராளம்.

இப்போது பிபிஆர், அதாவது ஒளி உண்மையில் படுவதுபோல் பரப்பைக் காட்டும் புதிய முறை. அந்தச் சிவப்புத் தரையில் பல தலைமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய வழவழப்பு இருக்கிறதே, அதைப் பழைய முறையில் கொண்டுவர நான் மாதக்கணக்கில் போராடியிருக்கிறேன். பிபிஆரில் ரஃப்னஸ் என்று ஒரு படம், அதில் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் கருப்பாக்கினால் அங்கே மட்டும் பளபளக்கும், சுவரோரம் மங்கலாகவே இருக்கும். அக்லூஷன் (இடுக்குகளின் நிழல்), ரஃப்னஸ் (சொரசொரப்பு), மெட்டாலிக் (உலோகத்தன்மை) மூன்றையும் ஒரே படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். வரிசை மாறினால் மரத்தூண் பித்தளைத் தூணாகிவிடும். இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: அதே பரப்பில் பழைய வகை டெக்ஸ்ச்சரையும் போட்டு வையுங்கள். புதிய வியூவரில் (செகண்ட் லைஃபைப் பார்க்கும் மென்பொருள்) பிபிஆர் தெரியும், பழைய வியூவரில் அடியில் இருப்பது தெரியும். நான் போடாமல் விட்டு, பழைய லேப்டாப்பில் வந்த தோழி ஒருத்தி "எங்கே, வெறும் வெள்ளைச் சுவர்தானே நிற்கிறது?" என்று கேட்டாள்.

அடுத்தது எல்ஓடி, தூரத்துக்கேற்ப மாறும் நுணுக்க அளவு. நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான், நீங்களும் செலவழியுங்கள். பார்ப்பவர் தள்ளிப்போகப்போக உங்கள் மெஷ் நான்கு படிகளில் எளிமையாகிக்கொண்டே போகும். ஏற்றும் சாளரம் தானே படிகளைச் செய்துகொடுக்கும், ஆனால் அதை நம்பினால் பத்தடி தள்ளிப் போனதும் தூண்கள் கிழிந்த முக்கோணங்களாகத் தொங்கும். கையால் செய்யுங்கள். முதல் படியில் தூண் பதினாறு பக்கம், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் நான்கு, கடைசியில் வீடே ஒரு பெட்டியும் சாய்ந்த கூரையும்தான், தூரத்தில் இருப்பவருக்கு அதுவே வீடாகத் தெரியும். கீழ்ப்படிகளில் இருக்கும் மெட்டீரியல்கள் எல்லாம் மேல்படியிலும் இருக்க வேண்டும், பெயர் உட்பட. இல்லையென்றால் ஏற்றவே விடாது. வீட்டைப் பெரிதாக இழுத்தால் நிலத்தின் கொள்ளளவில் அது பிடிக்கும் பங்கான லேண்ட் இம்பேக்ட்டும் ஏறும், அதனால் உண்மையான அளவுக்கே கட்டுங்கள்.

கதவு வழியாக உள்ளே போக முடியவில்லை என்று எல்லோருமே ஒரு முறை தவிப்பார்கள். காரணம் ஃபிசிக்ஸ் வடிவம், அதாவது எது மோதித் தடுக்கும் என்று சொல்லும் வடிவம்: சொல்லாமல் விட்டால் வீடு முழுவதையும் ஒரே உறையால் மூடிவிடும், வாசலும் அதில் அடைபடும். சுவருக்கு ஒரு பெட்டி, திண்ணைக்கு ஒரு பெட்டி என்று தனியாக எளிய மாடல் ஒன்று செய்து ஃபிசிக்ஸுக்குக் கொடுத்து, ஏற்றும் சாளரத்தில் அனலைஸ் பொத்தானை அழுத்துங்கள். ஏற்றிய பிறகு ஃபிசிக்ஸ் வகையை 'பிரிம்' என்று மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் காசு செலவில்லாமல் சோதிக்க ஒரு இடம் இருக்கிறது. செகண்ட் லைஃபின் சர்வர் தொகுப்பைக் கிரிட் என்பார்கள். முதன்மைக் கிரிட்டுக்குப் பெயர் அக்னி, சோதனைக் கிரிட்டுக்கு அதிதி, ஆமாம், நம் அக்னியும் அதிதியும்தான். லாகின் திரையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிரிட் தேர்வு வரும். அதிதியில் லிண்டன் டாலர் (செகண்ட் லைஃபின் நாணயம்) சோதனைப் பணம்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் அங்கே ஏற்றியது அக்னிக்கு வராது, சரியானதும் இங்கே மறுபடி ஏற்ற வேண்டும். டெக்ஸ்ச்சர் மட்டும் பார்க்க அதுவும் வேண்டாம், 'லோக்கல்' தெரிவில் உங்கள் கணினியில் உள்ள படத்தையே ஒட்டிப் பார்க்கலாம், படத்தைத் திருத்திச் சேமித்ததும் அங்கேயும் மாறும்.

அக்னியில் கட்டும் நாளைப் பார்த்து வையுங்கள். சர்வர் மறுதொடக்கங்கள் வழக்கமாகச் செவ்வாயும் புதனும் நடக்கும். அது பசிபிக் நேரம், நம்மைவிட கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி பின்தங்கியது. நமக்குச் செவ்வாய் பிற்பகலில் தொடங்கி வியாழன் காலை வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். எச்சரிக்கை திரையில் வந்ததும் கட்டிக்கொண்டிருப்பதை உங்கள் பொருள்களின் இருப்பான இன்வென்ட்டரிக்குள் ஒரு பிரதி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் இடம் தயாராக இருக்கும்.