ஏற்காடு பின்கோடு ஏழால் வகுபடுமா?

ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை பிள்ளைகளை அமைதியாக வைக்க ஒரு கணக்கு. ஏற்காடு பின்கோடு 636601. வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 636, 601. கழித்தால் 35. அது ஏழால் வகுபடும். ஆகவே முழு எண்ணும் வகுபடும் (7 × 90943). சேலம் 636001-க்கு 635 வரும், வகுபடாது.

காரணம், 7 × 11 × 13 = 1001; 636601 என்பது 636 × 1001 − 35, 1001 ஏழால் வகுபடுவதால் மீதி 35-ஐ மட்டும் பார்த்தால் போதும். அதனால் 11, 13-க்கும் இதே வழிதான். எண் நீளமாக இருந்தால் கடைசித் துண்டிலிருந்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள். 482636154-இல் 154 − 636 + 482 = 0; 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும்! நாம் லட்சம், கோடிக்குப் போடும் கமாவை மட்டும் மறந்துவிடுங்கள், அங்கேதான் நான் முதலில் தடுமாறினேன்.