தொழில்நுட்ப உரையாடலில் பிழையைச் சுட்டும் முறை

இணையத்தில் ஒருவர் எழுதிய தொழில்நுட்ப விளக்கம் தவறு என்று தோன்றினால், மறுமொழி எழுதுவதற்கு முன் அவர் எந்தப் பதிப்பைக் குறித்துப் பேசுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் 3/2 என்பதற்கு விடை 1. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3-இல் அதே கணக்குக்கு விடை 1.5. ஆகவே பழைய பதிப்பைப் பயன்படுத்துபவரின் விடையைத் தவறென்று அறிவிப்பவரே தவறியவராகிவிடக்கூடும். முடிந்தால் அந்த நிரலை நாமே இயக்கிப் பார்ப்பது நல்லது. பாதி ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிழை உறுதியானபின், எந்த வரி பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்டி, காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் கணினியில் துல்லியமாக 0.3 வரும் என்று ஒருவர் சொன்னால், "அடிப்படையே தெரியவில்லையே" என்று கடிந்துகொள்வதற்குப் பதிலாக, "0.1 என்ற எண்ணை இரும முறையில் (0, 1 என்ற இரு இலக்கங்களை மட்டும் கொண்டு) முழுமையாக எழுத இயலாது என்பதால், பைத்தான் 3-இலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியிலும் விடை 0.30000000000000004 என்று வருகிறது" என எழுதலாம். இதில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படிப்பவர் உடனே சோதித்துப் பார்க்கவும் இயலும்.

மிகையான பணிவும் வேண்டாம்: மூன்று வரி மன்னிப்புக்குப் பின்னால் வரும் திருத்தம் கண்ணில் படாமலே போய்விடும். எழுத்துப்பிழைகளை, அவை கட்டளையின் பொருளை மாற்றினாலன்றி, விட்டுவிடலாம். அவர் மறுத்தால், அதிகாரபூர்வ ஆவணத்தின் உரிய பகுதியைக் காட்டி, ஒருமுறை விளக்கி, அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.